பருப்பு வேக வைத்து வீடு பார்த்த தரகர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், பிழைகளும் மிகுதி. நாலாம் வகுப்போடு நின்றவன். அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தில் பிழை கிடையாது. சென்னைப் பட்டணத்தில் வீடு விற்கத் தெரியாத ஒரே வீட்டுத் தரகர் எங்கள் மயிலாப்பூர்ப் பருப்புத் தரகர்தான்.

என் அக்கா புருஷனுக்கு ரங்கூனில் மர மில்லில் வேலை. அக்காவையும் இரண்டு குழந்தைகளையும் கப்பலேற்றி அனுப்புவதாகவும், தான் மட்டும் அங்கேயே இருக்கப்போவதாகவும், அதற்குள் இங்கே ஒரு வீடு வாங்கி வைக்கும்படியும் எழுதியிருந்தார். கடல் தாண்டி இருக்கிறவர் வீட்டைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டியவன் நான். நானோ தையல் கடையில் தலை நிமிராமல் காஜா எடுக்கிறவன். யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கோட்டுப் போட்ட தரகர் ஒருவர் காட்டிய வீடெல்லாம் அரண்மனை என்றார். நான் எல்லா அரண்மனைக்கும் தலையாட்டினேன். பயந்துபோன என் முதலாளி என்னைப் பருப்புத் தரகரிடம் அனுப்பினார்.

"யாரு குடியிருக்கப் போறது?" என்றார் அவர், எடுத்தவுடன்.

"அக்காவும் குழந்தைகளும்."

"ஆம்பள?"

"ரங்கூன்ல."

"உம்." ஒரு பிடி துவரம்பருப்பை மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரையோ கூரையையோ பார்க்க மாட்டார். முற்றத்தில் செங்கல்லை அடுக்கி, ஒரு பானையில் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, பருப்பைப் போட்டு அடுப்பு மூட்டுவார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. தீர்ப்பு வரும்வரை எதிரே குந்தியிருப்பார்.

மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. வக்கீல் கொதித்த அளவுக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை.

"ஓய்! வீடு பாக்க வந்தீரா, எங்காத்துல திவசம் பண்ண வந்தீரா?"

"கொஞ்சம் இரு சாமி. பருப்பு சொல்லட்டும்."

பருப்பு சரளைக்கல்லாகவே கிடந்தது. "வேணாம் நைனா" என்று எழுந்துவிட்டார். வக்கீலின் மனைவி கொடுத்த காப்பியையும் தொடவில்லை. தெருவுக்கு வந்ததும், "விக்கிறவன் காப்பியைக் குடிச்சா நாக்கு வெந்துபூடும். அப்பால உண்மை பேச வராது" என்றார்.

அடையாற்றில் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, பானையில் யாருக்கும் தெரியாமல் ஆப்பச் சோடாவைப் போட்டுவிட்டார். பருப்பு கண் மூடித் திறப்பதற்குள் கூழானது. தரகர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"இன்னா சாமி, கெணத்துக்குள்ள சோடாக் கடை வச்சிக்கினு கீறியா?"

இப்படியே மாதங்கள் ஓடின. அக்கா கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்தது. தகரப் பெட்டியும் குழந்தைகளுமாக நடுத்தெருவில் நிற்பாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் மாம்பலத்தில் ஒரு சின்ன வீடு. ஏரியைத் தூர்த்துப் போட்ட புதுத் தெரு. அங்கேயும் பருப்பு வேகவில்லை. எனக்கு அழுகை வந்தது. அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யோவ், அந்தத் தண்ணில நாளைக்கு வரைக்கும் வெச்சாலும் வேகாது. எங்க கெணத்துல நல்ல தண்ணி கீது, எட்த்துக்கோ."

"பரவால்ல தாயி."

சற்று நேரத்தில் மறுபடியும் தலை. "பொம்பள சொன்னா கேக்க மாட்டியா?"

பிறகு குடத்தோடு தானே வந்தாள். பானையைக் கவிழ்த்து, பருப்பை அரித்து, தன் தண்ணீரை ஊற்றி, அடுப்பையும் ஊதிவிட்டாள். "மூஞ்சப் பாரு, பசியில சுருங்கிக் கெடக்குது" என்று என்னையும் ஒரு திட்டுத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தரகர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கு."

"இந்த வீட்டுத் தண்ணில வேகலையே?"

"உங்கக்கா புருசன் கடலுக்கு அந்தாண்ட கீறான். இந்தம்மா வேலிக்கு இந்தாண்ட கீது. கெணறு வேற தோண்டிக்கலாம் நைனா."

வாங்கினோம். அக்கா குடிவந்த சில நாளில் சின்னவனுக்குக் கடுமையான ஜுரம். டாக்டரை இழுத்து வந்தது அந்த அம்மாள்தான். எனக்குச் செய்தி தெரிந்தபோது பையன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

தரகர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கென்று வீடு வாங்கும் வசதி இந்த ஜன்மத்தில் இல்லை. ஆனாலும் எங்காவது காலி வீட்டைக் கண்டால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கால் தானாக அவர் இருந்த தெருப் பக்கம் திரும்புகிறது.

ஈசுவர வருஷம், ஐப்பசி மாதம், மழை விட்ட வெள்ளிக்கிழமை.