பொழுதுபோக்கு: படகு கட்டுதல்

ஹெச்.ஆர். அதிகாரி ஹேமந்த் படகைப் பார்க்க வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ராஜசேகரிடம் படகு இல்லை.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் அவர் பதினெட்டு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பப் பட்டியல் தயாராகிறது என்று கேன்டீனில் பேச்சு. அந்த வாரம் பார்த்து எல்லோர் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். ‘உங்கள் பொழுதுபோக்கு என்ன?’ உண்மையைச் சொல்வதென்றால் ஓவர்டைம் வேலை பார்ப்பது, தூங்குவது. அப்படி எழுதுகிற ஜடத்தைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று பயந்து, முந்தின நாள் போனில் பார்த்த வீடியோ ஞாபகத்தில், ‘வீட்டிலேயே மரத்தில் சிறிய பாய்மரப் படகு கட்டுதல்’ என்று எழுதித் தொலைத்தார். ஹேமந்த் கூப்பிட்டுக் கை குலுக்கினார், நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

“கேரம் போர்டுன்னு எழுதிக்கக் கூடாதா?” என்றாள் மனைவி கலைமதி. “அது கட்டிலுக்கு அடியிலயே கீது.”

“அத்த நூறு பேரு எழுதிக்கீறான். வேலை போச்சுன்னா நாப்பத்தாறு வயசுல எவன் என்னை உள்ள வுடுவான்?”

இயந்திரங்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகையை, ‘விறகு’ என்று கேட் பாஸ் போட்டு வெளியே எடுத்துப் போகலாம். ராஜசேகர் மூன்று நடை எடுத்தார்.

“வூட்ல விசேஷமா சார்?” என்று விசாரித்தார் செக்யூரிட்டி.

மண்ணூரில் மாடி வீடு, வாடகைக்கு. ஹாலில் வேலை ஆரம்பமானது. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பலகையை ரிஜெக்ட் செய்தார். பாதிப் பலகை இப்படி உண்மையிலேயே விறகானது. மிச்சத்தில் எப்படியோ ஒரு படகு எழுந்தது. கதவில் நுழையும் அகலம்தான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆலையில் எந்தப் பொருளையும் ஒழுகல் சோதனை செய்யாமல் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர் அவர். ஏழு குடம் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றினார். அது தரையெல்லாம் ஓடி, விரிசல் வழியாக இறங்கி, கீழே வீட்டுக்காரம்மா கிளியம்மாளின் மீன் குழம்பில் சொட்டியது.

“ஏம்பா, படகு கட்றியா, ஏரி கட்றியா?”

ஒழுகலை அடைக்க வெளிப்புறம் இன்னொரு அடுக்குப் பலகை அடித்தார். ஒழுகல் நின்றது. கதவில் நுழையாதபடி படகு தடித்துப் போயிற்று.

அன்று பார்த்து ஹேமந்த் போன் செய்தார். “பாயை விரிச்சு வெளியில ஒரு போட்டோ எடுத்துடலாம் சார்.”

ராஜசேகர் கதவைக் கழற்றினார். போதவில்லை. நிலையைப் பெயர்த்தார். கூடவே பத்துச் செங்கல் விழுந்தது, கிளியம்மாள் ஏறி வந்தாள். விழுந்த செங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“இந்த மாசத்தோட காலி பண்ணிடுப்பா.”

ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் வந்தபோது படகு பாதி மாடிப்படியிலும் பாதி ஹாலிலுமாகச் சிக்கி நின்றது. பாய்க்குத் துணி கிடைக்காமல் பக்கத்துத் தெருவில் கட்டியிருந்த காதுகுத்து ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கி ராஜசேகர் மாட்டியிருந்தார். அதில் தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிட்டபடி காற்றில் ஆடினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கலைமதி படகுக்கு மேலாகக் காபியை நீட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது. ராஜசேகருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஹேமந்த் மெய்மறந்து போட்டோ எடுத்தார். “தினம் எவ்ளோ நேரம் சார் இதுக்கு?”

“லீவு கெடைச்சா பொழுதன்னிக்கும் இதான் சார். வேலையே இல்லன்னாலும் எனக்கு போரடிக்காது!”

“வூடே இல்லன்னாலும்,” என்றாள் கலைமதி உள்ளிருந்து.

ஹேமந்த் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ குறித்தார். இன்னொரு முறை கை குலுக்கிவிட்டுப் படியிறங்கினார். அவருடைய கார் டிரைவர் வேல்ராஜ், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், படகைத் தள்ள ஒரு கை கொடுக்க நின்றான்.

வீடு போனது போகட்டும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். ராஜசேகருக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

“சார் மூஞ்சியப் பாத்தல்ல தம்பி? இனிமே அந்த லிஸ்ட்ல என் பேரு வராது.”

வேல்ராஜ் தள்ளுவதை நிறுத்தினான். கீழே கார் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணாச்சி, வேல போனா மனசொடிஞ்சு ஏதாச்சும் பண்ணிக்கிடுவாவன்னு பயந்து, பொழுதுபோக்கு இல்லாத ஆளு ஒருத்தரயும் அவிய தொடல, ஒங்கள மாதிரி ஆளுகளத்தான் தேடிப் பாத்து அந்த லிஸ்ட்ல எழுதிக்கிட்டு வாராவ.”