பம்ப் சாரின் பையன்

நெய்வேலியில் இரவு பகல் பாராமல் பம்ப் ஓடிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஊற்றுத் தண்ணீரை இறைத்துக் கொட்டும் சுரங்கம். மற்றொன்று, எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ். முதலாவது நின்றால் சுரங்கம் முழுகிவிடும். இரண்டாவது நின்றிருந்தால் எங்கள் பிளாக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கும்.

அந்த வீட்டுக்காரர்தான் பம்ப் சார். ஆபீஸில் கெமிஸ்ட், வீட்டில் எங்கள் பிராணனை வாங்குபவர். கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் குழாய். பம்ப் வைத்து அதிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு, கந்தகப் புகையைக் கொஞ்சமாக விட்டு, கரண்ட் பாய்ச்சுவார். உடனே தெருவிலுள்ள ரேடியோக்கள் எல்லாம் கொரகொரக்கும். குழாய்க்குள் ஒரு மூலக்கூறு பிறக்கும். பிறந்த வேகத்தில் செத்தும் போகும். அதற்குள், பழைய ராணுவ ரேடாரிலிருந்து கழற்றிய கருவியால் மைக்ரோவேவ் அலைகளை உள்ளே அனுப்ப வேண்டும். சுழலும் மூலக்கூறு தன் சுழற்சிக்கு ஏற்ற அலையை மட்டும் விழுங்குமாம். எந்த அலை குறைகிறதென்று பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமாம். அந்த மூலக்கூறுக்கு அவர் வைத்த செல்லப் பெயர், பையன்.

“தம்பி, பையன் இன்னிக்குச் சிக்கிடுவான்!” என்பார் தினமும். சிக்கியது எங்கள் தூக்கம்தான்.

நான் கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்ட் ஆன கையோடு சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க வந்தவர், என் போதாத காலம், பம்ப் சார் வீட்டுக்குள் நுழைந்தார். ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது.

“பையனைப் பத்தி விசாரிச்சிக்கினு போலாம்னு வந்தேங்க. பையன் பெர்மனென்ட்டுங்களா?”

சார் கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பெர்மனென்ட்டா? வந்த வேகத்துல காலியாயிடுவான். சும்மா சுத்திக்கிட்டே இருப்பான். அந்தச் சுத்தை வச்சுத்தான் ஆளையே கண்டுபிடிக்கணும்.”

“அடக் கடவுளே! குணம் எப்படிங்க?”

“யார் கிட்ட வந்தாலும் ஒட்டிக்குவான்.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் மனுஷர் பஸ் ஏறிவிட்டார்.

“உங்க பையனால என் கல்யாணமே கெட்டுச்சு சார்!” என்று கத்தினேன். விஷயம் புரிந்ததும் சார் பம்பை அணைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே சேத்தியாத்தோப்புக்குப் போனார். போனவர் மன்னிப்புக் கேட்டோமா, வந்தோமா என்றில்லாமல், பொழுது சாயும்வரை பெண் வீட்டாருக்கு மூலக்கூறை விளக்கியிருக்கிறார்.

மறுநாள் காலை பெண்ணின் அப்பா என் வாசலில் நின்றார்.

“அவர் சொன்னது ஒண்ணும் வெளங்கலீங்க தம்பி. ஆனா இந்த மனுஷனுக்குப் பக்கத்து வூட்டுல இத்தினி நாளு குடியிருந்துகினு இருக்கீங்களே! எம் பொண்ணை நல்லா வெச்சிக்குவீங்க.”

கல்யாணத்தன்று முகூர்த்த நேரம் நெருங்கியும் சாரைக் காணோம். இன்று பார்த்தா பையன் சிக்கியிருப்பான் என்று பல்லைக் கடித்தேன். கடைசி நேரத்தில் சார் கசங்கிய சட்டையோடு மூச்சிரைக்க ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் எனக்குத் தாலி கட்டக் கை வந்தது.