நாற்பது தோட்டாவும் இரண்டு டப்பாவும்

அன்பு மகள் கொரினுக்கு அப்பா லைல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நாயும் நலம். என் பத்து விரல்களும் நலம். மிசூலாவில் நீயும் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் சிரிப்பு என் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஒன்பது வருடம் குலுக்கலில் பெயர் கொடுத்து இந்த வருடம்தான் உனக்கு எல்க் மான் வேட்டைச் சீட்டு விழுந்திருக்கிறது. சனிக்கிழமை சீசன் திறக்கிறது. "கடைத் தோட்டாவெல்லாம் எதுக்கும்மா, உன் மேக்னம் ரைஃபிளுக்கு நானே வீட்டுல கட்டித் தர்றேன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவனும் நான்தான்.

ஆரம்பமெல்லாம் ஒழுங்குதான். தோட்டா கட்டும் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆகக் குறைந்த வெடிமருந்து அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்தேன். நாலாவது படியில் மருந்து அதிகமாகி, சுட்டபின் ரைஃபிளின் போல்ட் இறுகிப்போய் அதைத் தூக்கக் கை வலித்தது. வாலிபத்தில் என்றால் இன்னொரு படி ஏறிப் பார்த்திருப்பேன், இப்போது மரியாதையாக இறங்கிவிட்டேன். இரண்டாவது படிதான் சரி என்று முடிவுசெய்து, உனக்காக நாற்பது கட்ட உட்கார்ந்தேன். பாதியில் பக்கத்துப் பண்ணை ஆர்வின் வந்து, தன் சின்ன ரைஃபிளுக்கு என்ன மருந்து நல்லது என்று கேட்க, பெருமை பிடித்தவன் வேறு வகை மருந்து டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினேன். மேசையில் ஒரு டப்பாதான் இருக்கலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே, அது என் கையெழுத்துதான். அந்த நேரம் பார்த்து அவர் மாடுகள் வேலியை உடைத்து ரோட்டுக்குப் போக, இரண்டு பேரும் ஓடினோம். மூச்சுவாங்கத் திரும்பி வந்து மிச்சத்தையும் நிரப்பி, எல்லாவற்றிலும் குண்டை அழுத்தி மூடிவிட்டுப் பார்த்தால், இரண்டு டப்பாவும் திறந்தே கிடக்கின்றன. எதிலிருந்து அள்ளினேன்? சின்ன ரைஃபிளின் வேகமான மருந்து உன் மேக்னத்தில் போனால் துப்பாக்கியே வெடித்துவிடும்.

"ஒண்ணைச் சுட்டுப் பாத்தா தெரிஞ்சிடப்போவுது" என்றார் ஆர்வின்.

"துப்பாக்கிக்குத் தெரிஞ்சிடும்யா. தெரிஞ்சுக்க நாம இருக்கணுமே!"

நாற்பதையும் பிரித்தேன். குண்டு பிடுங்கும் சுத்தியலால் மரக்கட்டையில் ஒவ்வொன்றாக அடி, அடி, அடி. நாய் வண்டிக்கடியில் புகுந்துகொண்டது. அம்மா ஜன்னலைத் திறந்து, "என்ன லைல், மானை அடிச்சே கொல்றதா உத்தேசமா?" என்று கேட்டாள். கலந்துபோன மருந்தையெல்லாம் தோட்டத்தில் தூவிவிட்டேன், ஆர்வின் சிகரெட்டோடு அந்தப் பக்கம் போகாமல் காவலும் இருந்தேன்.

ஆகவே மகளே, வரும் வழியில் கடையில் இரண்டு பெட்டி தோட்டா வாங்கிக்கொள். உன் அப்பன் இனி அந்த மேசைப் பக்கமே போகமாட்டான். மலைக்கு மட்டும் உனக்குத் துணையாக வருவேன், அதில் மாற்றமில்லை.

உன் பூட்ஸ் நனையாமல் இருக்கட்டும், மானுக்கு உன் வாடை போகாமல் காற்று எப்போதும் உன் முகத்துக்கு எதிரேயே வீசட்டும்.

அப்பா

பி.கு.: தோட்டா வாங்காதே. இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் அம்மா மேசையைத் துடைத்து, புது டப்பா ஒன்றை வைத்து, ஆகக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கித் தோட்டா கட்டிவிட்டாள்; இன்று காலை அவள் சுட்ட மூன்று குண்டும் இலக்கில் ஒரு கால் டாலர் காசளவு இடத்துக்குள் அடங்கிவிட்டன. சனிக்கிழமை உன்னோடு மலையேறுவது அவள்தானாம். நான் வண்டியோடு ரோட்டோரம் காத்திருக்க வேண்டுமாம். கூப்பிடும்வரை எதையும் தொடக்கூடாதாம்.