ஒரு போல்ட்டும் ஓடாத வேனும்

உலகத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வண்டி கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பிரேக் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களில் யாரோடும் சேராத ஓர் இனம் கொஞ்ச காலமாகப் பெருகி வருகிறது. கணினி விளையாட்டுக்கு வண்டி செய்யப் போகிறவர். செய்கிறவர் அல்ல, செய்யப் போகிறவர். விளையாட்டோடு வராத ஒரு காரையோ லாரியையோ நாமே வரைந்து, வண்ணம் பூசி, அதற்குள் ஓடவிடுவதற்கு மாட் என்று பெயர். நல்ல பொழுதுபோக்குதான், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் இந்த இனத்தவர் கையில் அது அகப்பட்டால், ஒரு வயதான பெண்மணியின் கால் விறைத்துப்போகும் அளவுக்குக் கொண்டுபோய் விடும்.

அடையாளம் வேண்டுமா? ஒரு சக்கரம்கூட வரையாத நிலையில் இவருடைய பட்டறைக்கு ஒரு பெயர் இருக்கும், பெயருக்கு ஒரு சின்னம் இருக்கும், சின்னத்துக்கு நீலத்தில் ஒரு வடிவமும் சிவப்பில் ஒரு வடிவமும் இருக்கும், எது எடுப்பாக இருக்கிறது என்று இணையக் குழுவில் வாக்கெடுப்பும் நடந்து முடிந்திருக்கும். கூடவே ஓர் எச்சரிக்கை: என் அனுமதியில்லாமல் இந்த வண்டியை யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? சின்னம் இருக்கிறது. வண்டி செய்வது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளை இவர் பார்த்து முடித்தவை, பாதி பார்த்தவை, பிறகு பார்க்க ஒதுக்கியவை என்று பிரித்து அடுக்கி வைத்திருப்பார். குளத்தங்கரையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க நீச்சல் உடைக்கு இஸ்திரி போடுகிற சாதி.

நாம் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட மனிதர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். மயிரிழை பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வந்துவிடும் தொழில் அது. அந்த நுணுக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து, வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை மாப்பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் முன்னறைக் கட்டிலில் மாமியார் படுத்திருந்தார்.

மாமியார் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தார். எலும்பு ஒழுங்காகக் கூடிக்கொண்டிருந்தது. ஆள்தான் எழுந்திருக்க மறுத்தார். பிசியோதெரபிக்கு வரும் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: கைப்பிடி வைத்த உயரமான நாற்காலியில் தினமும் அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், பாதத்தை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் விறைத்துக்கொள்ளும், பிறகு ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்து உட்காரப் பழக்குவதைத் தவிர வழியில்லை. மாமியாருக்கு ஆஸ்பத்திரி எட்டிக்காய். உடற்பயிற்சி அதைவிடக் கசப்பு.

முதலில் மாப்பிள்ளையின் விளையாட்டு ஸ்டீயரிங்தான் கைகொடுத்தது. அதை மேஜையில் இறுக்கி, பெடல்களைக் காலடியில் வைத்ததும், உட்காரமாட்டேன் என்றவர் உட்கார்ந்தார். பாதம் தானாக அழுந்தியது. ஆனால் சில நாளிலேயே, இந்தக் கார்களெல்லாம் தனக்குப் பிடிக்கவில்லை, தன் பழைய வேன் மாதிரி ஒன்று இருந்தால் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அங்கே மனைவி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீங்கள்தான் வண்டி செய்கிறவராயிற்றே என்று கணவர் பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளையின் முகத்தில் வந்த ஒளியைப் பார்க்க வேண்டுமே. வெறுமனே ஒரு வேன் அல்ல, அத்தை ஓட்டிய அதே வேனை ஒரே வாரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாகச் சொன்னார். வண்டி வந்ததும் எழுந்து உட்காருகிறேன் என்று மாமியாரும் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் அவ்வளவுதான். இங்கே வண்டி ஓடினால் அங்கே கால் மடங்கும்.

வாரம் ஓடியது. வண்டி எந்த அளவில் இருக்கிறது என்று மாமியார் படுத்தபடியே விசாரித்தார்.

"போல்ட் முடிஞ்சிருச்சு அத்தை."

"எத்தனை போல்ட், மாப்பிள்ளை?"

"ஒண்ணு. சக்கரத்து போல்ட். மரையெல்லாம் அப்படியே இருக்கு, பக்கத்துல வச்சுப் பாத்தா துரு தெரியும்."

"ஓட்டும்போது நான் சக்கரத்துக்கிட்ட போய்ப் படுத்துக்கணுமா?"

மருமகனுக்கு மரியாதை கொடுத்தே குத்துவது எப்படி என்று அந்த அம்மாளிடம்தான் கற்க வேண்டும். மாப்பிள்ளை குத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்தபடியாக இருக்கைத் துணியின் தையலைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்து, யாரும் திறக்கவே போகாத மூடிக்குள் எஞ்சின். ஏன் என்று கேட்டால், உள்ளே எஞ்சின் இல்லை என்பது தனக்குத் தெரியுமே என்று பதில் வரும். இந்த இனத்தாரை வாதத்தில் வெல்ல முடியாது.

இவருக்கு இன்னொரு முழுநேர வேலையும் இருந்தது. மற்றவர்களுக்கு ஆலோசனை. வண்டி செய்கிறவர்கள் கூடும் இணையக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தையற்காரர் ஒருவர், எங்கிருந்து தொடங்குவது என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். உலோகத்தில் ஒளி விழும் விதத்தை முதலில் படிக்க வேண்டும், பிறகு மென்பொருளின் எல்லாப் பொத்தான்களும் மனப்பாடமாக வேண்டும், அவசரப்பட்டால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும், குறைந்தது ஒரு வருஷம் எதையும் வெளியிடாமல் இருப்பது நல்லது. தையற்காரர் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்து அன்று மாலையே விளையாட்டுக்குள் இறக்கினார். திருப்பத்தில் அது குப்புறக் கவிழ்ந்தது. ஏன் கவிழ்ந்தது என்று பார்த்து, எடை கீழே இருக்கும்படி ஓர் எண்ணை மாற்றினார். மறுநாள் கவிழவில்லை. குழுவே அதை ஓட்டிச் சிரித்து மகிழ்ந்தது. மாப்பிள்ளை மட்டும் கதவு இடுக்கில் நிழல் சரியாக விழவில்லை என்று குறிப்பு எழுதினார். "அதுல கதவே இல்லீங்க அண்ணே" என்று பதில் வந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்களே, ஆலோசனை வேண்டும் என்று வந்தீர்கள் அல்லவா? அது இவ்வளவுதான். பெட்டி ஒன்று, சக்கரம் நாலு, உடனே விளையாட்டுக்குள் போட்டுப் பாருங்கள். அசிங்கமாக இருக்கும், ஓடும். அழகாக இருந்து ஓடாததைவிட அது எத்தனையோ மேல். தொடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொருவர் செய்த வண்டியை எடுத்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இதற்கு ஒரு வருஷமா?

மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அம்மாவின் கால். தினமும் உடம்பு துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்க வைத்து, குதிகாலில் புண் வருகிறதா என்று பார்க்கிறவர் அவர்தானே. பிசியோதெரபிப் பெண், அடுத்த முறை வரும்போதும் படுத்தே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன அன்று, சாப்பாட்டு மேஜையில் கணவருக்கு எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா கால் கட்டையாயிட்டு வருது. உங்க போல்ட் எப்படி இருக்கு?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் முதன்முறையாக வியர்த்தது. மறுநாளே வேன் ஓடும் என்று அறிவித்தார். அதுவரைக்கும் அதை விளையாட்டுக்குள் ஒரு தடவைகூட வைத்துப் பார்த்ததில்லை என்பதை அறிவிக்கவில்லை. பாதியில் வைத்துப் பார்ப்பது, வெந்தும் வேகாததை இறக்கி ருசி பார்ப்பது போல அவமரியாதை என்பது அவர் கொள்கை.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்று, நடைச்சட்டத்தைப் பிடிக்க வைத்து, முனகலும் வசவுமாக மாமியாரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது. மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார்.

திரை முழுக்கச் சாம்பல் நிறம். வேன் எங்கே? காட்சியைப் பின்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். மலைப்பாறை போல ஏதோ தெரிந்தது. மரை தெரிந்தது. துரு தெரிந்தது. வரைந்த மென்பொருள் சென்டிமீட்டரில் சொன்னதை விளையாட்டு மீட்டராக எடுத்துக்கொண்டதால், பள்ளி வேன் நூறு மடங்கு பெருத்து ஊரின்மேல் உட்கார்ந்திருந்தது. போக்குவரத்து மொத்தமும் ஒரு டயருக்கு அடியில் ஸ்தம்பித்து நின்றது. தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை செய்கிற தப்புதான் அது. முதல் நாளே ஒரு வெறும் பெட்டியை வைத்துப் பார்க்கிறவருக்கு முதல் நாளே தெரிந்துபோகும். மாப்பிள்ளைக்கு மாமியார் முன்னிலையில் தெரிந்தது.

அளவைச் சுருக்கினார். இப்போது வேன் வேன் அளவில் நின்றது, உண்மையிலேயே அழகாக இருந்தது. மாமியார் பெடலை அழுத்தினார். படம் உறைந்தது, துள்ளியது, மறுபடி உறைந்தது. அந்த ஒற்றை போல்ட்டை வரையவே கணினிக்கு மூச்சு முட்டியது. அடுத்த துள்ளலில் வேன் சாலைக்குள் இறங்க ஆரம்பித்தது. சக்கரம் போயிற்று, கதவு போயிற்று, கூரையும் போயிற்று. வண்டி எங்கே முடிகிறது, எங்கே தரையைத் தொடுகிறது என்று விளையாட்டுக்குச் சொல்வதற்காக ஒரு வெறும் பெட்டி, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் மாப்பிள்ளைக்கு நேரமில்லை.

மாமியார் காலியான சாலையைப் பார்த்தார். படுக்க வைக்கச் சொன்னார். குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியைப் பயமுறுத்தியது அதுதான். எதற்கெடுத்தாலும் குத்துகிற மனுஷி குத்தாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், அதற்குப் பிறகு எழுப்புவது கஷ்டம்.

"வேன்ல அம்மாவுக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றார் மனைவி.

கேட்கவில்லை. இந்த இனத்தில் யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை கட்டிலருகே போய் நின்று, வேனில் முக்கியமாக என்ன இருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தையலா, எஞ்சினா, பதவிசாக மூடும் கதவா?

மாமியார் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "உயரம். மேல உக்காந்து பாத்தா பக்கத்துல போற காரோட கூரை தெரியணும். கார்ல உக்காந்தா எவன் பின்னாலயோ ஒளிஞ்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. மஞ்சளா இருந்தா நல்லது. இல்லாட்டியும் பரவாயில்ல."

விளையாட்டோடு சும்மா வருகிற சரக்கு வேன் ஒன்று உண்டு. செங்கல்லுக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும், மாட் செய்கிறவர் எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை அதன் கோப்புறைக்கு ஒரு நகல் எடுத்தார். ஓட்டுநரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஒரே ஓர் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூட்டினார். மஞ்சள் பூசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன் உட்கார்ந்தவர் மாலைத் தேநீருக்கு முன்னால் வேலையை முடித்து எழுந்துவிட்டார்.

பிசியோதெரபிப் பெண் கையில் ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கான தாளோடு வந்தபோது, மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கார்க் கூரைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நெடுஞ்சாலையில் பறந்துகொண்டிருந்தார். அறுவை செய்த பக்கத்துக் கால் ஆக்சிலரேட்டரை அமுக்கி அமுக்கி விட்டது. பெண் அப்படியே நின்று பார்த்துவிட்டு, தாளைப் பைக்குள் திரும்ப வைத்தார். பிரேக்கையும் மிதியுங்கள், அதுவும் பயிற்சிதான் என்று மட்டும் சொன்னார்.

"பிள்ளைங்க ஏறட்டும், அப்ப மிதிக்கிறேன்" என்று மாமியார் ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போனார்.

கதை முடிந்தது, மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மஞ்சள் வண்ணம் கதவோரத்தில் ஒட்டுப்போட்டது போல் தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

"இது சும்மா தற்காலிகம்தான் அத்தை. அசல் வண்டி வந்துக்கிட்டே இருக்கு."

"வரட்டும் மாப்பிள்ளை. அதுக்குள்ள நான் நடக்க ஆரம்பிச்சிருவேன், எதிர்ல போய்க் கூட்டிட்டு வரேன்."

வண்டி செய்வதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் உங்களிடம் சின்னதாக ஏதோ கேட்டு, நீங்கள் அதைப் பிரமாதமாகச் செய்து தருகிறேன் என்று எடுத்துப்போய், இன்றுவரை அதன் முதல் போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? வண்டி செய்கிறவராகவே இருந்தால் சோதனை இன்னும் சுலபம். இதைப் படித்து முடித்ததும், தொடங்குகிறவர்களுக்குப் பயனுள்ள கட்டுரை, பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்தி வைக்க உங்கள் விரல் நகர்கிறதா?

வேறு சோதனை தேவையில்லை.