குப்பைமேனி டைப்பிஸ்ட்

அடுத்தவர் காலில் புண் என்றால் வாயெல்லாம் பல்லாகிவிடும் மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ஐம்பதுகளில் நான் உச்சிப்புளியில் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் டைப்பிஸ்ட் அவர். குப்பைமேனி இலையைக் கசக்கிக் கசக்கி அவர் விரலெல்லாம் பச்சை. அடித்துத் தரும் கடிதங்களிலும் பச்சை. எங்கள் தபாலை மேலிடத்தில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்களாம். அவரை நாங்கள் குப்பைமேனி என்றே சொல்வோம்.

கைவைத்தியப் பித்தரான அவருக்கு ஒரே குறை, நோயாளி கிடைப்பதில்லை. தன் உடம்பிலேயே சோதிக்கலாமென்றால் அதில் எந்தக் கிருமியும் தங்காது. செருப்பில்லாமல் முள்காட்டில் நடந்து பார்த்தார். குத்திய இடம் மறுநாளே ஆறிப்போனது.

"பாருய்யா, ஒரு சீழ் உண்டா? எல்லாம் இந்த நெல்லிக்காச் சாறு பண்ற வேலை!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சாற்றைத் தேன் கலந்து தினமும் குடிப்பார். "உப்புக் காத்துல இரும்பே துருப்பிடிக்குது, ஒடம்பு பிடிக்காதாக்கும்?" என்பார். நியாயம்தானோ என்று நாங்கள் யோசிப்பதற்குள் டைப்ரைட்டருக்கும் கொஞ்சம் ஊற்றிவிட்டார். துரு போனதோ இல்லையோ, மிஷினுக்குள் எறும்பு குடியேறியது.

இந்த நிலையில்தான் தேவிபட்டினம் கடலில் இறங்கிய என் பாதத்தைச் சிப்பி கிழித்து, சீழ் வைத்தது.

"ஏலே தம்பி, அருமையான புண்ணுடா! யாருகிட்டயும் காட்டிராத!"

குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கட்டினார். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஆசையாகக் குனிந்து பார்ப்பார். புண்தான் ஆறவில்லை. பாதம் வீங்கி, காய்ச்சல் வந்து, கணுக்காலுக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு ஏறியது.

"காலை எடுத்துருவாங்களாண்ணே?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் என்னைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, எதிர்காற்றில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வரை மூச்சிரைக்க மிதித்தார். டாக்டர் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார்.

"சார், என் மருந்து தோத்துப்போச்சு. பெனிசிலின் ஊசி போட்டுருங்க. பய நடக்கணும்."

சில நாள் அங்கேயே கிடந்தேன். கால் தப்பியது. நேரத்தோடு கொண்டுவந்தாரென்று டாக்டர் அவரைப் பாராட்டினார். மனிதர் சிரிக்கக்கூட இல்லை. அழைத்துப்போகும் வழியில் சைக்கிளை மெல்ல மிதித்தபடி கேட்டார்.

"ஊசி குத்துன எடம் புண்ணாச்சுன்னா எங்கிட்டதான வருவ?"

"வேற யாருகிட்டண்ணே போவேன்?"

அவருக்காகவாவது கொஞ்சம் வீங்கித் தொலையாதா என்று அந்த இடத்தை ரொம்ப நாள் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.