இடது குதிகாலுக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பிளஸ் டூ தாண்டாதவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கூச்சம். கதை விடுகிறான் என்பார்களோ என்று பயம். இன்று காலை சாமி படத்துக்கு விளக்கேற்றும்போதுதான் தைரியம் வந்தது.

தட்டில் விழுந்த தோசையின் பரப்பளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் பூமியில் ஒருவர்தான் உண்டு. நாங்கள் அவரைத் தோல்கடை என்போம்.

இரண்டாயிரங்களில் ஓசூரில் ஒரு மாடியில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் ஆபீஸ். நான் டேட்டா என்ட்ரி, அவர் கோடிங். ஆறாத புண்ணின் மேல் டாக்டர் ஒட்டும் மாற்றுத் தோலுக்கு உரிய எண்ணைப் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவர் வேலை. ஒட்டியது எத்தனை சதுர சென்டிமீட்டர், வெட்டி எறிந்தது எத்தனை, இரண்டும் சொல்ல வேண்டும். அது அவர் ரத்தத்தில் ஏறிவிட்டது. கேன்டீனில் பாதி தோசையை வைத்துவிட்டு எழுந்தால் விடமாட்டார்.

"வேஸ்டேஜ் எவ்ளோன்னு சொல்லிட்டுப் போங்க."

"சாம்பாருக்குங்க?"

"தண்ணி அயிட்டத்துக்கு வேற கோடுங்க."

இதைவிடப் பெரிய தொல்லை, டாக்டர் குறிப்பை நம்மூர்ப் பேச்சாக மாற்றி அவர் உரக்கப் படிப்பது. அவர் ஊரான தேன்கனிக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். "லாரி டிரைவருங்க. சக்கரை வியாதி. புண்ணு ஓரமெல்லாம் செவந்து கெடக்குது."

டீம் லீடர் மேடம் பெங்களூர்க்காரர். "ஸ்வல்ப சும்னிரி சார், கொஞ்சம் சும்மா இருங்க, மனசுல படிங்க" என்று கன்னடம் கலந்து சொல்வார்.

"மனசுல படிச்சா புரியாதுங்க மேடம்."

ஒருநாள் அந்த லாரி டிரைவரின் பில் இன்சூரன்ஸிலிருந்து திரும்பி வந்தது. புண் ஆறிவிட்டதாம், இனி தோலுக்கு அனுமதி இல்லையாம். அடுத்த தோல் ஒட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எழுதியிருந்தார். மறுபரிசீலனை கேட்க அன்றே கடைசி நாள்.

"ரெக்கார்டுலயே ஹீல்ட், ஆறிடுச்சுன்னு இருக்குது. க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார் மேடம்.

"எடது காலுங்க மேடம். போச்சுன்னா கிளட்ச்ச எதுல மிதிப்பாரு?" என்ற தோல்கடை எழுந்து நின்று குறிப்பைப் படித்தார். "எடது காலு, ஆறிப்போன புண்ணு, ஆழம் எலும்பு வரைக்கும்." நிறுத்தினார். மறுபடி படித்தார். "ஆறிப்போன புண்ணு எப்படிங்க எலும்பு வரைக்கும் போவும்?"

டாக்டர் வாயால் சொன்னதை வேறெங்கோ ஒருவர் கேட்டு டைப் செய்த குறிப்பு அது.

"டாக்டர் சொன்னது ஹீலுங்க, குதிகாலு. கேட்டவன் காதுல ஹீல்டுன்னு வுழுந்துருக்குது. குதிகால ஆற வச்சிட்டான் பாருங்க."

சாயங்காலம் அமெரிக்காவில் விடிந்ததும் மேடமே போன் போட்டார். டாக்டர் தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக் கையெழுத்திட்டார். மறுபரிசீலனைக் கோரிக்கை அன்றே போனது.

மறுநாள் காலை தோல்கடை என்னை மலைக்கோயிலுக்கு இழுத்துப் போனார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் அர்ச்சகர்.

"பேரச் சொல்லக்கூடாதுங்க சாமி, ஆபீஸ் ரூலு. எடது குதிகால்னு வச்சிக்குங்க."

"நட்சத்திரம்?"

"அமெரிக்காங்க."

அர்ச்சகர் என்னைப் பார்த்தார். நான் மூலவரைப் பார்த்தேன். அர்ச்சனை நடந்தது.

அனுமதி வந்தது. சில மாதம் கழித்து அந்த டிரைவரைப் பற்றி டாக்டரின் கடைசிக் குறிப்பும் வந்தது. மேடம் தோல்கடையிடம் வந்து, "சார், இவத்து, இன்னைக்கு மட்டும், சத்தமா படிங்க" என்றார்.

"குதிகாலு ஆறிப்போச்சுங்க. நெசமாவே ஆறிப்போச்சு. டிரைவரண்ணன் நடந்தே வந்துட்டுப் போயிருக்காரு."

மாடி மொத்தமும் கைதட்டியது. மேடம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். தோல்கடை தன் துண்டைக் கண்ணால் அளந்து வாயில் போட்டுக்கொண்டு, "வேஸ்டேஜ் இல்லைங்க" என்றார்.

இப்போது எங்கிருக்கிறாரோ தெரியாது. மலைக்கோயிலுக்குப் போனால் அவருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன். பெயர் தோல்கடை, நட்சத்திரம் தேன்கனிக்கோட்டை. இந்தக் கதையைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு சதுர சென்டிமீட்டர் கூடினாலும் அவர் மனசு கேட்காது.