ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்து அப்பா

இந்த ஜீவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் எங்கள் மினியாபொலிஸ் புறநகர்ப் பக்கம் ஒரு நடை வாருங்கள். தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். தனக்கும் ஸ்பானிஷ் தெரியாது, தன்னைப் பெற்றவர்களுக்கும் தெரியாது, கட்டியவளுக்கும் தெரியாது. ஆனாலும் ஐந்து வயது மகளை, காலை மணி அடித்ததிலிருந்து மாலை பஸ் ஏறும்வரை ஸ்பானிஷிலேயே பேசும் பள்ளியில் குலுக்கலில் இடம் பிடித்துச் சேர்த்துவிட்டு, அன்றிரவே தன் உடம்பிலும் பாதி ரத்தம் மாட்ரிடிலிருந்து வந்ததாக நம்பத் தொடங்கிவிடுகிற தகப்பன். அம்மா வகையும் உண்டு. அப்பா வகைக்குச் சத்தம் அதிகம்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். என் பக்கத்து வீட்டு கர்ட் ஹால்வர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ர்ர்ர்ர்' என்று உறுமுவார். எஞ்சினில் ஏதோ கோளாறு என்று நினைத்து நான் ஒருநாள் உதவிக்கே ஓடினேன். உச்சரிப்புப் பயிற்சியாம். நாய்க்கும் பாடம் உண்டு. அவர் ஸ்பானிஷில் 'உட்கார்' என்பார். அது அவரை ஒரு பார்வை பார்க்கும், அவர் மனைவி மெரிடித்தை ஒரு பார்வை பார்க்கும், பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். புரிந்துகொண்டது என்று கர்ட் அதைத் தட்டிக்கொடுப்பார்.

பள்ளியில் முதல் கூட்டத்திலேயே ஆசிரியை தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வீட்ல உங்க மொழியிலயே பேசுங்க, கதை படிச்சுக் காட்டுங்க. ஸ்பானிஷை நாங்க பாத்துக்கறோம்." இதைவிட எளிய வேலையை எந்தப் பள்ளியாவது பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறதா? ஆனால் நம் ஆள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்? சாதாரணப் பெற்றோருக்குச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

சட்டம் பிறந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் ஸ்பானிஷ் மட்டும்.

இப்போது அந்த மேசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் உருளைக்கிழங்கு போட்டுச் சுட்ட இறைச்சித் தட்டு. சுற்றி மூன்று பேர். அதில் பெரியவர்கள் இருவருக்கும் தெரிந்தது நிறங்கள், பால், கரண்டி, கழுதை. கர்ட் தக்காளிச் சாற்றைக் காட்டி "சிவப்பு!" என்பார். மெரிடித் பட்டாணியைக் காட்டி "பச்சை" என்பாள். அதோடு சரக்கு தீர்ந்துவிடும். அடித்தளத்தில் தண்ணீர் கசிகிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு வார்த்தை இல்லாததால் கணவனைக் கையைப் பிடித்து கராஜுக்கு இழுத்துப்போய், குளிரில் நடுங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வருவாள். கல்யாணமான புதிதில்கூட இவர்கள் இப்படி ஒளிந்து ஒளிந்து பேசியதில்லை.

மகள் லின்னியாவின் நிலைமை வேறு. பிள்ளைகளுக்கு மொழி எப்படித்தான் ஒட்டிக்கொள்கிறதோ, இலையுதிர்காலத்தில் சேர்ந்தவள் பிப்ரவரிக்குள் தட்டுத்தடுமாறியாவது எதையும் சொல்லிவிடுவாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

"அப்பா, ஸ்கூல்ல அந்த..." என்று ஒருநாள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

"ஆ, ஆ! ஸ்பானிஷ்ல சொல்லு செல்லம்!"

குழந்தை கரண்டியை வைத்தது. யோசித்தது. பிறகு ஸ்பானிஷில், கண்ணை அகல விரித்து, கையை ஆட்டி, நீளமாக ஏதோ சொன்னது. கர்ட்டுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எழுந்து நின்று கை தட்டினார். "முய் பியென்! முய் பியென்!" ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது என்று அர்த்தம். அவருக்குத் தடங்கலில்லாமல் வரும் ஒரே சொற்றொடர் அது. லின்னியா அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டுப் பட்டாணியைச் சாப்பிடத் தொடங்கினாள்.

அந்த மாதம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளி விட்டு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். பாலை நிறுத்தினார்கள். பாலாடைக்கட்டியை நிறுத்தினார்கள், எங்கள் ஊரில் அது காற்றை நிறுத்துவது மாதிரி. ரொட்டியையும் நிறுத்தினார்கள். வலி நிற்கவில்லை. மெரிடித் இரவெல்லாம் தூங்காமல் இணையத்தில் பயங்கரமான நோய்களாகப் படித்து வைத்தாள். கடைசியில் குழந்தைகள் மருத்துவர் ஒஸோரியோவிடம் போனார்கள். அந்த அம்மாள் ஸ்பானிஷ் பேசும் கொலம்பியாவிலிருந்து வந்தவர்.

வேறெந்தத் தகப்பனும் கவலையோடு உள்ளே போவான். நம்மவர் கவலையோடு போனார், வாய்ப்பைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"டாக்டர், அவகிட்ட ஸ்பானிஷ்லயே கேளுங்க. எல்லாமே ஸ்பானிஷ்ல நடக்கற இம்மெர்ஷன் ஸ்கூல்ல படிக்கறா!" போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாரானார்.

"குழந்தைக்கு எது வசதியோ அதுல பேசட்டுமே," என்றார் டாக்டர்.

"அவளுக்கு ஸ்பானிஷ்தான் வசதி."

டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுக் குனிந்து கேட்டார். அவ்வளவுதான். மாதக்கணக்காக அடைத்துக்கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. லின்னியா பேசினாள், பேசினாள், நடுவில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். கர்ட் அழுகையையும் சேர்த்துப் படம் பிடித்து, அங்கேயே நின்றபடி உறவுக்கும் நட்புக்கும் அனுப்பிவிட்டார். எனக்கும் வந்தது. அவருடைய அம்மா இதயம் போட்டார், அலுவலக நண்பர்கள் இதயம் போட்டார்கள், என்ன ஏது என்று தெரியாமல் நானும் ஒன்று போட்டேன்.

"உச்சரிப்பு எப்படி டாக்டர்?"

"உச்சரிப்புக்கு ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டர். "ஸ்கூல்ல டாய்லெட்டே போறதில்லையாம். அங்க இருக்கறது ஆட்டோமேட்டிக் ஃப்ளஷ். எந்திரிக்கறதுக்குள்ள அதுவா தண்ணி பீச்சியடிச்சுக் கத்துதாம். தன்னை உள்ள இழுத்துக்கும்னு பயந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வைக்கறா. வயித்துவலி வராம என்ன செய்யும்?"

"முழு வாக்கியமாவா சொன்னா?" என்றார் கர்ட்.

"கர்ட்," என்றாள் மெரிடித், "அந்த போனைக் கீழ வை." பிறகு மகளின் முன் மண்டியிட்டாள். "ஏண்டா கண்ணு, எங்ககிட்ட சொல்லக்கூடாதா?"

லின்னியா ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். "சொன்னேனே. சாப்பிடறப்ப சொன்னேன். அப்பா கை தட்டினாரு."

கர்ட்டின் முகம் போன போக்கை மெரிடித் பிறகு எனக்குச் சொன்னாள். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. தன் பிள்ளைக்கு உலகத்தையே கொடுக்க நினைத்த மனிதர். அதைக் கொடுக்கிற பரபரப்பில் பிள்ளை நீட்டியதை வாங்க மறந்துவிட்டார்.

வைத்தியம் சின்னது. அந்தக் கழிப்பறையில் ஆள் எழுவதைப் பார்த்துத் தண்ணீர் விடும் சிவப்புக் கண்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டினால், எடுக்கும்வரை அது வாயைத் திறக்காதாம். ஆசிரியை மறுநாளே ஒட்டிவிட்டார். வயிற்றுவலி போயிற்று, பாலாடைக்கட்டி திரும்பி வந்தது, சட்டமும் ரத்தானது. இப்போது சாப்பாட்டு மேசையில் லின்னியா ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் பேசுகிறாள். பெற்றவர்கள் மூச்சு விடாமல் கேட்கிறார்கள். கர்ட் திருந்திவிட்டாரா என்றா கேட்கிறீர்கள்? நேற்று என்னிடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, சின்னவனுக்குச் சீன மொழி எப்படியிருக்கும் என்று யோசனை கேட்டார். சின்னவன் இன்னும் பிறக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் "அங்கிளுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லு" என்று பிள்ளையின் முதுகில் தட்டுகிறவரும், சான் ஹோசேயில் உட்கார்ந்துகொண்டு "தமிழ்ல சொன்னாத்தான் கேப்பேன்" என்று காதைப் பொத்திக்கொள்கிறவரும் ஒரு காரியம் செய்யுங்கள். இந்த வாரம் உங்கள் பிள்ளைக்கு எது பயம், யாரோடு சண்டை, எதற்காக அழுதது என்று உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லையென்றால் பதறாதீர்கள். எந்த மொழியில் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற ஸ்கூல் வேன் டிரைவருக்குத் தெரிந்திருக்கும்.